வயண்டாட் கோழி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு: அனுமதிக் காகிதம் முதல் குஞ்சு பொரிப்பது வரை

வயண்டாட் கோழியைப் பெரும்பாலானோர் படத்தில் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். வெள்ளை இறகு ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் கரை, உருண்டு திரண்ட உடம்பு, தலையோடு படிந்த சிவப்புக் கொண்டை என்று பார்த்தவுடன் பிடித்துப்போகிற கோழிதான். வாங்கி வந்த பிறகுதான் கேள்விகள் வரிசையாக வரும். நான் தொடங்கியபோது கையில் கிடைத்த தகவலில் பாதி, பண்ணைகளில் முட்டைக்காகவே வளர்க்கும் லேயர் கோழிக்கானது. மீதிப் பாதி, எந்த வீட்டுக் கோழிக்கும் பொருந்துகிற பொதுவான பேச்சு. வயண்டாட்டுக்கு எது பொருந்தும் என்று பிரித்தெடுக்க நிறைய அலைய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தின் அடர்ந்த இறகும் சிறிய கொண்டையும்தான் அதன் பலம். தொல்லைகளும் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்தே வருகின்றன. கூண்டு, தண்ணீர், சோதனை, இனப்பெருக்கம் என்று கீழே வருகிற எல்லாவற்றிலும் இதைப் பார்ப்பீர்கள்.

1. கோழிக்கு முன்னால் காகிதம்

குஞ்சு வாங்க நினைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கேட்க வேண்டியவை: வீட்டு வளாகத்தில் கோழி வளர்க்கலாமா, எத்தனை வரை, சேவல் வைக்கலாமா, எல்லைச் சுவரிலிருந்து கூண்டு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கட்டணம் உண்டா, அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒருவர் வாயால் சொன்னது பிறகு புகார் வரும்போது உதவாது.

உள்ளாட்சி சரி என்றாலும் வாடகை ஒப்பந்தமோ குடியிருப்புச் சங்க விதியோ தடுக்கலாம். அதையும் படித்துப் பாருங்கள். பலர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அரசிடம் பதிவு செய்வது தனி விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். நோய் பரவும் காலத்தில் எங்கெங்கே கோழி இருக்கிறது என்று தெரிந்திருக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் நாட்டில் என்ன விதி என்பதைக் கால்நடைத் துறையில் கேளுங்கள். பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழிகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்தால் அது வீட்டுக் கோழிக்கும் பொருந்தும். ஆகவே கூரையும் வலையும் போட்ட வெளிக்கூண்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கோழி பார்க்கும் மருத்துவர் யார் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே விசாரித்துவிடுங்கள். நாய், பூனை பார்க்கும் மருத்துவமனைகளில் பல கோழியை எடுத்துக்கொள்வதில்லை.

2. இந்தக் கோழி உங்கள் இடத்துக்கு ஒத்துவருமா

அமெரிக்காவில் உருவான இனம். வெள்ளை இறகில் கறுப்புக் கரை கொண்ட 'வெள்ளி விளிம்பு' வகைதான் முதலில் அங்கீகாரம் பெற்றது, 1883இல். தர அளவின்படி முழு வளர்ச்சி அடைந்த சேவல் 3.9 கிலோ, பெட்டை 2.9 கிலோ இருக்கும். மஞ்சள் தோல், இறகில்லாத மஞ்சள் கால். பழுப்பு முட்டை, நல்ல ஆண்டில் ஏறக்குறைய 200. இது முட்டை, இறைச்சி இரண்டுக்கும் உதவும் இரட்டைப் பயன் இனம். முட்டை எண்ணிக்கை மட்டும்தான் குறி என்றால் லேயர் கலப்பினங்கள் இதை மிஞ்சும், தீவனமும் குறைவாகத் தின்னும். அமைதியான, திடமான, பல ஆண்டு கூட இருக்கிற கோழி வேண்டும் என்பவர்களுக்கே வயண்டாட்.

குளிர் இதற்குப் பெரிய பிரச்சினை இல்லை. உயரமான ஒற்றைக் கொண்டை உள்ள இனங்களுக்கு உறைபனியில் கொண்டையின் நுனி கருகிப்போகும். வயண்டாட்டின் ரோஸ் கொண்டை அகன்று, தலையோடு படிந்து இருப்பதால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

வெப்பம்தான் சோதனை. கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் கொண்டை, தாடி, கால் வழியாகவும் மூச்சிரைத்தும்தான் வெளியே விடும். வயண்டாட்டுக்குக் கொண்டை சிறியது, உடம்பு பெரியது, இறகு அடர்த்தி. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே மூச்சிரைக்கத் தொடங்கும், 35க்கு மேல் உயிருக்கே ஆபத்து. வெப்பமான இடத்தில் இதை வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாள் முழுக்க நல்ல நிழலும் காற்றோட்டமும் தர முடியாவிட்டால் உடம்பு இலேசான வேறு இனத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகுக்காக ஒரு பறவையை ஆண்டுக்கு நான்கு மாதம் தவிக்க விடுவது நியாயமில்லை.

இடம் குறைவு என்றால் பேன்டம் வயண்டாட் இருக்கிறது. அதே வடிவம், அதே கொண்டை, எடை மட்டும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். முட்டையும் அதற்கேற்பச் சிறியது.

3. செலவுக் கணக்கு

விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அளவுகளைத் தருகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் பணம் போவது கூண்டுக்குத்தான். குஞ்சின் விலை மொத்தத்தில் சின்னப் பங்கு. அதனால் குஞ்சில் மிச்சம் பிடிக்கப் போய்த் தடுப்பூசி போடாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத குஞ்சை வாங்காதீர்கள்.

வளர்ந்த பெட்டை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 130 கிராம் தின்னும். நான்கு பெட்டைக்கு மாதம் 15 முதல் 16 கிலோ, ஆண்டுக்கு 190 கிலோ. அந்த நான்கும் சேர்ந்து 800 முட்டை தந்தால் ஒரு முட்டைக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தீவனம் செலவாகிறது. ஒரு கிலோ தீவன விலையை நான்கால் வகுத்தால் ஒரு முட்டையின் தீவனச் செலவு வந்துவிடும். கடை முட்டையை விட மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து யாரும் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்றைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முதல் முட்டை வரும் முன்பே ஒவ்வொரு குஞ்சும் 10 கிலோ அளவுக்குத் தின்றிருக்கும். ஐந்தாறு மாதம் வரவே இல்லாத செலவு அது. கூடவே கூளம், தடுப்பூசி, உண்ணி மருந்து, ஒரு முறையாவது மருத்துவர் கட்டணம் என்று சின்னச் சின்னதாகச் சேரும்.

4. வாங்குவது

ஒரு நாள் குஞ்சு, முட்டை தொடங்கப்போகும் வெடக்கோழி, அடைமுட்டை என்று மூன்று வழி. அடைமுட்டை மலிவாகத் தெரிந்தாலும் புதியவர்களுக்கு வேண்டாம். பயணத்தில் குலுங்கிய முட்டையில் பாதி பொரிந்தாலே அதிர்ஷ்டம், பொரிவதிலும் பாதி சேவல். வெடக்கோழி விலை கூடுதல், ஆனால் பெட்டை என்பது உறுதி, ஆறு மாதத் தீவனமும் மிச்சம். பொறுமை இருந்தால் குஞ்சு நல்லது, கைக்குப் பழகி வளரும்.

குஞ்சு வாங்கும்போது "பிரிக்காதது" என்று போட்டிருந்தால் சேவலும் பெட்டையும் கலந்து, பாதிக்குப் பாதி வரும் என்று பொருள். "பெட்டை" என்று பிரித்து விற்பதிலும் தவறு வரும், பத்தில் ஒன்று சேவலாக இருக்கலாம். சேவலுக்கு அனுமதி இல்லாத இடத்தில் இருப்பவர்கள் விற்பவரிடம் முன்பே கேளுங்கள்: சேவல் வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? ஆம் என்றால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்: ரசீது, பொரித்த தேதி, போட்ட தடுப்பூசிகளின் பட்டியல், தாய்க்கோழி மந்தைக்கு நோய்ச் சோதனை நடந்ததற்கான சான்று. அமெரிக்காவில் என்.பி.ஐ.பி. என்ற தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்த பொரிப்பகங்கள் புல்லோரம், கோழி டைஃபாய்டு என்ற நோய்களுக்கான சோதனைச் சான்று தரும். மாநிலம் விட்டு மாநிலம், நாடு விட்டு நாடு கொண்டுவருவதானால் கால்நடை மருத்துவர் சான்று கேட்பார்கள். அதற்குக் காலாவதித் தேதி இருக்கும், பயண நாளுக்கு ஒட்டி வாங்குங்கள். மேரக்ஸ் என்ற கோழி வாத நோய்க்கான தடுப்பூசி பொரித்த முதல் நாளே போட வேண்டியது. அது போடப்பட்டதா என்று கேட்காமல் குஞ்சை எடுக்காதீர்கள்.

இனி, வயண்டாட் வாங்குபவர்கள் ஏமாந்துவிட்டோமோ என்று பதறுகிற மூன்று விஷயங்கள்.

முதலாவது, கரை. குஞ்சிலும் முதல் இறகிலும் அந்த அழகான கரை இருக்காது. இளம் கோழி பலமுறை இறகு மாற்றித்தான் வளரும். ஒவ்வொரு மாற்றத்திலும் கரை கொஞ்சம் தெளியும். நான்கு மாதத்துக்கு முன்னால் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இரண்டாவது, நீல நிறம். நீல வயண்டாட் சோடியின் குஞ்சுகள் எல்லாம் நீலமாக வராது. சராசரியாகப் பாதி நீலம், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெளுத்த உடம்பில் திட்டுத் திட்டான ஸ்பிளாஷ் நிறம். இது அந்த மரபணுவின் இயல்பு.

மூன்றாவது, ஒற்றைக் கொண்டை. நல்ல மந்தையிலிருந்து வாங்கிய குஞ்சுகளிலும் ஒன்றிரண்டுக்கு ரோஸ் கொண்டைக்குப் பதில் சாதாரணக் கொண்டை முளைக்கும். "கலப்படம் செய்துவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகும் முன் இதைக் கேளுங்கள். ரோஸ் கொண்டைக்கான மரபணு ஓங்கியது, ஒரு பிரதி இருந்தாலே கொண்டை ரோஸாக வரும். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்று இரண்டு பிரதி உள்ள சேவலுக்கு விந்தணுக்களின் ஓட்டம் குறைவு, கருவூட்டும் திறனும் குறைவு. கோழியின் ஏழாவது குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியதில்தான் ரோஸ் கொண்டை பிறந்தது. அந்தத் திருப்பம் விந்தணுவுக்குத் தேவையான ஒரு மரபணுவையும் உடைத்துவிட்டது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பிரதி மட்டும் உள்ள சேவல்களே நன்றாகக் கருவூட்டுவதால் தலைமுறை தலைமுறையாக அவையே அதிகக் குஞ்சு தந்து வந்திருக்கின்றன. அப்படி ஒரு பிரதி உள்ள சேவலும் பெட்டையும் சேர்ந்தால் நான்கில் ஒரு குஞ்சு ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். கண்காட்சிக்கு அது தகுதி பெறாது. முட்டைக்கும் குணத்துக்கும் ஒரு குறையும் இல்லை.

உங்கள் சேவலுக்கு ஒரு பிரதியா இரண்டு பிரதியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒற்றைக் கொண்டைப் பெட்டையோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு குஞ்சாவது ஒற்றைக் கொண்டையோடு வந்தால் அதற்கு ஒரு பிரதிதான்.

5. கூண்டு

குஞ்சு வரும் முன் முடித்துவிடுங்கள். குஞ்சு கூண்டுக்கு மாறும் முன் உள்ள ஆறு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

கனமான இனம் என்பதால் தாராளமான அளவு வேண்டும்: உள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளிக்கூண்டில் 10 சதுர அடி. உட்காரும் கட்டையில் ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர். இந்தக் கட்டையின் உயரத்தில் கவனமாக இருங்கள். இரண்டு அடிக்கு மேல் வேண்டாம். மூன்று கிலோ கோழி உயரத்திலிருந்து தினமும் குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டு, கிருமி புகுந்து, கட்டி வைக்கும். கட்டையின் முனைகளை மழுக்கி, கால் முழுதாகப் பதியும் அளவுக்கு அகலமாக வையுங்கள்.

முட்டைப் பெட்டி நான்கு கோழிக்கு ஒன்று போதும். ஒரு பக்கம் 30 முதல் 35 சென்டிமீட்டர். கட்டையை விடத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் பெட்டியிலேயே படுத்துத் தூங்கி எச்சத்தால் நாறடிக்கும்.

வலை விஷயத்தில் பணத்தைப் பார்க்காதீர்கள். அறுகோணக் கண்ணியுள்ள மெல்லிய கோழி வலை, கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். வெளியிலிருந்து வரும் நாயும் கீரியும் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளை வெல்டு செய்து இணைத்த உறுதியான வலை) போடுங்கள். தோண்டி வரும் விலங்குகளுக்காக மண்ணுக்குள்ளும் ஓரடி இறக்குங்கள், அல்லது வெளிப்பக்கம் தரையோடு விரித்துவிடுங்கள்.

காற்றோட்டத் திறப்புகள் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி வர வேண்டும். குளிர் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் உள்ளேயே நின்றுவிட்டால் சளியும் கண்ணெரிச்சலும் வரும். குளிரை இந்தக் கோழி தாங்கும், ஈரத்தைத் தாங்காது.

6. முதல் ஆறு வாரம்

குஞ்சு வருவதற்கு ஒரு நாள் முன்பே புரூடரை, அதாவது குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் பெட்டியை, சூடாக்கி வையுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, வெளிச் சூட்டோடு சமமானதும் நிறுத்தலாம். வெப்பமானியை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்துத் தின்று தூங்கினால் சரி. வெப்ப விளக்கு கூளத்தில் விழுந்து தீப்பிடித்த வீடுகள் நிறைய. இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், முடிந்தால் சூட்டுத்தட்டு வாங்குங்கள்.

தரையில் வழுவழுப்பான செய்தித்தாள் வேண்டாம், கால் விரிந்துபோகும். மரச்சீவல் அல்லது உமி நல்லது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. வந்தவுடன் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு விடுங்கள். பயணத்தில் வந்த குஞ்சுகளுக்கு எச்சத் துவாரத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் தினமும் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மெல்லத் துடையுங்கள். பிய்த்தெடுக்கக் கூடாது, தோலோடு வந்துவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை ரத்தக் கழிச்சல் காலம். ஈரக் கூளத்தில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூனிக் குறுகி நிற்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும். அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து தருவது வழக்கமான சிகிச்சை. ஒரு எச்சரிக்கை: ரத்தக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சுகளுக்கு அதே நோய்க்கான மருந்து கலந்த தீவனத்தைத் தராதீர்கள். தீவனத்தில் உள்ள மருந்து அந்தத் தடுப்பு மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

வெள்ளைக் கழிச்சல், அம்மை போன்றவற்றுக்கான தடுப்பூசி அட்டவணையை உங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். எந்த நோய் சுற்றுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

7. தீவனம் எப்போது மாற வேண்டும்

முதல் எட்டு வாரம் 18 முதல் 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம். பிறகு 16 சதவீத வளர் தீவனம். முதல் முட்டை வந்ததும் லேயர் தீவனம். இந்தக் கடைசி மாற்றத்தில்தான் அவசரப்படுகிறார்கள். லேயர் தீவனத்தில் கால்சியம் ஏறக்குறைய 4 சதவீதம் இருக்கும். முட்டையிடாத இளம் உடம்பு அதைச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும், சிறுநீரகம் கெட்டுவிடும். பண்ணைக் கோழிக்குப் போடப்பட்ட அட்டவணை 18 வாரத்தில் மாற்றச் சொல்லும். வயண்டாட் மெதுவாக முதிரும் இனம், ஆறு மாதத்தில் முட்டை தொடங்குவது சகஜம். வாரத்தை எண்ணாமல் முட்டையைப் பார்த்து மாற்றுங்கள். சேவலும் பெட்டையும் ஒன்றாக இருந்தால் எல்லாருக்கும் வளர் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே தின்னும்.

தானியமும் வீட்டு மிச்சமும் தினசரித் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வயண்டாட் சுலபமாகக் கொழுக்கும், கொழுத்த பெட்டை முட்டையைக் குறைத்துவிடும், வெயிலையும் தாங்காது. அவகாடோ, சாக்லேட், வேகாத பயறு, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, பூசணம் பிடித்த எதுவும் கொடுக்கக் கூடாது. மூட்டையில் அரைத்த தேதியைப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

8. சேவலா பெட்டையா

ஒற்றைக் கொண்டை இனங்களில் கொண்டையைப் பார்த்தே சீக்கிரம் சொல்லிவிடலாம். ரோஸ் கொண்டையில் பெட்டைக்கும் ஆரம்பத்திலேயே அகலமாக இருப்பதால் குழப்பும். ஐந்தாறு வாரத்தில் மற்றவற்றை விடக் கொண்டை அகன்று சிவந்தும், கால் தடித்தும் இருந்தால் சந்தேகப்படலாம். உறுதி செய்ய மூன்றாவது மாதம் வரை காத்திருங்கள். வாலுக்கு முன்னால், முதுகின் பின்பக்கத்தில் கூரிய நுனியோடு நீண்ட பளபளப்பான இறகு தொங்கினால் சேவல். பெட்டைக்கு அந்த இடத்தில் உருண்ட நுனி.

முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு வேண்டும் என்றால் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும்.

9. மந்தையில் இதன் குணம்

வயண்டாட் அமைதியானது என்று எல்லாரும் சொல்வார்கள். மனிதர்களிடம் அமைதிதான். மற்றக் கோழிகளிடம் அப்படியல்ல. கொத்தும் வரிசையில் பெரும்பாலும் மேல் பாதியில் இருக்கும், பயந்த சுபாவமுள்ள இனங்களைத் தீவனத்திலிருந்து விரட்டும். மடியில் ஏறி உட்காரும் கோழியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பக்கத்தில் வந்து நிற்கும், கையில் தின்னும், தூக்கினால் பலவற்றுக்குப் பிடிக்காது. இந்த ஒதுங்கிய கண்ணியம் எனக்கு மிகவும் பிடித்தது.

புதிய கோழியை நேராக மந்தையில் விடாதீர்கள். முதலில் 30 நாள் தனி இடத்தில், தனித் தண்ணீர், தனிச் செருப்போடு. மந்தையைக் கவனித்த பிறகே இவற்றிடம் போங்கள். அப்புறம் ஒரு வாரமாவது வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். உடல் அளவு சமமான பிறகு சேருங்கள், ஒரே ஒரு கோழியாகச் சேர்க்காமல் சோடியாக. தீவனமும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் இருக்கட்டும். கொஞ்சம் கொத்திக்கொள்ளும், அது வரிசை பிடிக்கும் சண்டை. ரத்தம் தெரிந்தால் உடனே பிரிக்க வேண்டும், ரத்தத்தைக் கண்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

10. வெயில் நாட்கள்

வெப்பம் ஏறும் முன்பே, அதிகாலையில் தீவனம் போட்டுவிடுங்கள். செரிமானமே உடம்பில் சூட்டைக் கிளப்பும், நடுப்பகலில் தானியம் வேண்டாம். தண்ணீர் இருமடங்கு குடிக்கும். நிழலில் பல இடத்தில் வைத்து, சூடானதும் மாற்றுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரைக் கோழி குடிக்காது. தரையின் ஒரு பகுதியை நனைத்துவிட்டால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.

இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வாயைத் திறந்து நிற்பது முதல் அறிகுறி. கொண்டை வெளிறி, தள்ளாடி, கண்ணை மூடினால் நேரமில்லை: நிழலுக்குத் தூக்கிப் போய்க் காலையும் வயிற்றையும் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது, அதிர்ச்சியிலேயே போய்விடும். அடர்ந்த இறகின் மேல் தண்ணீர் தெளித்தால் தோலுக்கு எட்டாது, காலைத்தான் நனைக்க வேண்டும்.

11. இறகை விலக்கிப் பாருங்கள்

இந்த இனத்தில் நோயும் மெலிவும் வெளியே தெரியாது. உள்ளே எலும்பும் தோலுமாக இருக்கும் கோழி வெளியே உருண்டையாகத்தான் நிற்கும். ஆகவே வாரம் ஒருமுறை, இருட்டிய பிறகு கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொன்றையும் கையில் எடுங்கள். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி முனை போலத் துருத்தினால் மெலிந்துவிட்டது. எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கினால் பேன் ஓடுவது தெரியும். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. மருந்து அந்த முட்டையைக் கொல்லாது, அதனால் 7 முதல் 10 நாளில் மறுபடி போட வேண்டும். இந்த இரண்டாவது முறையை விட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம்.

சிவப்பு உண்ணி பகலில் கோழி மேல் இருக்காது, கட்டையின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இரவில் வெள்ளைத் துணியால் கட்டையின் அடியைத் துடையுங்கள். சிவப்புக் கறை பட்டால் கூண்டுக்கே மருந்தடிக்க வேண்டும். உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த புழுதிக்குளியல் தொட்டி எப்போதும் இருக்கட்டும்.

எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்று கேட்டு, தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அனுமதிக் கடிதம், ரசீது, தடுப்பூசிப் பட்டியல், இந்த நோட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால், அதிகாரி வந்தாலும் மருத்துவரிடம் போனாலும் தேட வேண்டியதில்லை.

12. முட்டை, இறகு உதிர்தல், அடை

முதல் முட்டைகள் சிறிதாகவோ ஓடில்லாமலோ வரலாம், சில வாரத்தில் சரியாகிவிடும். தொடர்ந்து முட்டையிட ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். பகல் சுருங்கும் பருவத்தில் முட்டை குறைந்தால் அது நோய் இல்லை. விளக்குப் போட்டு இட வைக்கலாம், நான் போடுவதில்லை. அந்த ஓய்வு உடம்புக்குத் தேவை என்பது என் எண்ணம்.

ஒன்றரை வயதில் முதல் பெரிய இறகு உதிர்தல் வரும். இரண்டு மூன்று மாதம் முட்டை நின்றுவிடும். வயண்டாட் போர்த்திக்கொள்ளும் இறகின் அளவுக்குப் புரதம் நிறைய வேண்டும், அந்த நாட்களில் 18 சதவீதத்துக்குக் குறையாத தீவனம் கொடுங்கள். முளைக்கும் இறகுக் குருத்தில் ரத்தம் ஓடும், தொட்டாலே வலிக்கும், தூக்காமல் விட்டுவிடுங்கள்.

சில வயண்டாட் பெட்டைகள் நன்றாக அடை உட்காரும். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டையைத் தினமும் எடுத்து, அடியில் காற்றோடும் கம்பித் தரைக் கூண்டில் மூன்று நான்கு நாள் வைத்தால் அடை தெளியும்.

குஞ்சு வேண்டும் என்றால் சேர்க்கைக்கு முன், சேவலுக்கும் பெட்டைக்கும் எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள பஞ்சு இறகைக் கத்தரியால் குட்டையாக வெட்டிவிடுங்கள். அடர்ந்த இறகு இடையில் நின்றே பல முட்டை கருவாகாமல் போகிறது. சேவலிடம் குறை என்று முடிவு கட்டும் முன் இதைச் செய்யுங்கள். வெட்டிய இரண்டு வாரம் கழித்து முட்டை சேகரிக்கத் தொடங்கலாம். இன்குபேட்டரில் 37.5 டிகிரி, ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கைப் பிடித்துப் பார்த்துக் கருவில்லாதவற்றை எடுத்துவிடுங்கள். முட்டைகளைத் தினமும் திருப்பிவிட்டு வந்து, 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றுங்கள். 21ஆம் நாள் பொரியும்வரை, இடையில் குஞ்சு கத்தினாலும், மூடியைத் திறக்க வேண்டாம்.